ஸ்நாயு, நாடி, நரம்பு: யோக சிகிச்சை நூல்களில் உடற்சொற்களின் வரலாறு

ஸ்நாயு என்னும் வடசொல் மராத்தியிலும் குஜராத்தியிலும் கன்னடத்திலும் தசையைக் குறிக்கிறது. வங்காளத்தில் அதே சொல் நரம்பைக் குறிக்கும். மலையாளத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாருக்கு அது பெயர். யோகாசனங்களால் மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றின் நோய்கள் தணியும் என்று கூறும் நூல்கள் ஏறத்தாழ நூறாண்டுகளாக இம்மொழிகளில் எழுதப்பட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கப்பட்டும் வருகின்றன. வடசொல் பொதுச்சொல் என்னும் நம்பிக்கையில் பெயர்ப்பாளர் அதனை அப்படியே எடுத்தாளும்போது, தசைக்குக் கூறப்பட்ட பயிற்சி நரம்புக்குரியதாக மாறிவிடுகிறது. பிழை அச்சில் நிற்பதோடு முடிவதில்லை. நோயாளியின் முதுகிலும் முழங்காலிலும் போய் நிற்கிறது.

மூலப்பொருளை முதலில் காண்போம். சுசுருத சங்கிதையின் சாரீரப் பகுதி எலும்புகளை 300 என்றும், சந்திகளை 210 என்றும், பேசிகளை 500 என்றும், ஸ்நாயுக்களை 900 என்றும் எண்ணுகிறது. பலகைகளைக் கட்டுகளால் பிணைத்த பின்னரே படகு சுமை தாங்கும். சந்திகளைப் பிணைக்கும் ஸ்நாயுக்களால் உடல் சுமை தாங்குவதும் அவ்வாறே என்பது அந்நூல் தரும் விளக்கம். ஆகவே இங்கு ஸ்நாயு கட்டும் நாரேயன்றி உணர்வைக் கடத்தும் இழையன்று. பிற்காலத்தில் இந்நாரை ஒரு மொழி அது ஒட்டியிருக்கும் தசையின் பக்கம் இழுத்தது. மற்றொரு மொழி அதன் இழைவடிவம் கருதி நரம்பின் பக்கம் இழுத்தது. இந்தியில் இரு தலைமுறைகளின் வழக்குகளும் அருகருகே நிற்கின்றன. பழைய எழுத்தில் ஸ்நாயு நரம்பையும் குறிக்கும். கலைச்சொல்லாக்கத்தின் பின்னர் நரம்புக்கு ‘தந்திரிகா’ என்பது நிலைபெற, ஸ்நாயு மீண்டும் நாருக்குத் திரும்பியது.

இத்தகைய பெயர்ச்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியில் ‘நியூரோன்’ என்பதற்கும் இலத்தீனில் ‘நெர்வுஸ்’ என்பதற்கும் தொடக்கப் பொருள் தசைநாண், வில்நாண் என்பனவே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடற்கூற்றை அறுத்தாய்ந்த ஹீரோபிலஸ் முதலியோர் நரம்பை நாணிலிருந்து பிரித்தறிந்த பின்னரே அச்சொல் புதுப்பொருள் பெற்றது. தமிழ் நரம்பும் இதற்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது. யாழின் நரம்பு, இலையின் நரம்பு, கையில் புடைக்கும் நரம்பு, மருத்துவர் ஊசி போடும் நரம்பு, சுளுக்கிக்கொள்ளும் நரம்பு, மூளையிலிருந்து புறப்படும் நரம்பு என இச்சொல் இன்றும் வழங்குகிறது. இவற்றுள் பாடநூல் ஏற்கும் நரம்பு இறுதியில் உள்ளது மட்டுமே. ஊசி செல்வது சிரைக்குள், சுளுக்குவது நார். நோயாளி ‘நரம்பு இழுக்கிறது’ என்று கூறும்போது எதனைச் சுட்டுகிறார் என்பதை அவர் கை வைத்துக் காட்டும் இடத்தைக் கொண்டே அறிய இயலும். அச்சிட்ட கையேட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நாடி என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சிக்கலானது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை 72,000 நாடிகளைக் கூறுகிறது. சிவ சங்கிதை மூன்றரை இலட்சம் என்கிறது. அவை பிராணன் இயங்கும் வழிகள். அறுவைக் கத்திக்கு அகப்படுவன என்று அந்நூல்கள் கூறவில்லை. தயானந்த சரஸ்வதி 1850களின் நடுவில் கங்கையில் மிதந்து வந்த பிணம் ஒன்றை அறுத்துப் பார்த்து, நூல்கள் விவரிக்கும் சக்கரங்கள் அதனுள் இல்லாமை கண்டு, அந்நூல்களைப் பிணத்தோடு ஆற்றில் எறிந்ததாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் தெரிவிக்கிறார். பாமன்தாஸ் பாசு 1888இல் எழுதிய கட்டுரையோ தந்திர நூல்களின் நாடிகளுக்கும் சக்கரங்களுக்கும் மேலை உடற்கூற்றில் நிகர் தேடியது. ஒருவர் மறுத்தார், மற்றவர் ஏற்றார். எனினும் சொல் ஒரு தசைப்பொருளைச் சுட்டியாக வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். விவேகானந்தரின் 1896ஆம் ஆண்டு இராஜயோக நூல் இடைகலை, பிங்கலையை முதுகுத்தண்டின் நரம்போட்டங்களாக ஆங்கிலத்தில் விளக்கியது. வசந்த ரேலே 1927இல் குண்டலினியை ‘வேகஸ்’ என்னும் ஒரு தனி நரம்பாகவே அடையாளம் காட்டினார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கிய ஜான் உட்ராஃப் அம்முடிபை ஏற்காமல் அங்கேயே மறுத்தெழுதினார் என்பது சுவையான செய்தி.

நோய்ப்பெயர்களில் வாதம் தனித்து நோக்கத்தக்கது. சரக சங்கிதை வாதத்திற்கே உரிய நோய்கள் 80 என்கிறது. அவற்றுள் ஒன்றான கிருத்ரஸி இடுப்பில் தொடங்கித் தொடை, முழங்கால், பாதம் என இறங்கும் வலி; கழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். சித்த மருத்துவத்தில் யூகி வைத்திய சிந்தாமணியும் வாத நோய்களை 80 என்றே வகுக்கிறது. கீல்வாதம் மூட்டைச் சார்ந்தது. பக்கவாதம் மூளையைச் சார்ந்தது. இளம்பிள்ளைவாதம் தண்டுவடத்தைத் தாக்கும் நுண்ணுயிரால் வருவது. மூன்றையும் ஒரே விகுதி இணைப்பதால், வாதம் நீங்கும் என்று ஓர் ஆசனத்திற்குக் கூறப்பட்ட பயனை மூன்றுக்கும் உரியதாகப் படிப்பவர் கொள்ள இடமுண்டு.

பழைய யோக நூல்கள் இவ்வளவு விரிவாகப் பயன் கூறவில்லை. பதஞ்சலி நோயைத் தடைகளின் வரிசையில் முதலில் வைத்தார். ஆசனத்தை அதற்கு மருந்தாக வைக்கவில்லை. பிரதீபிகை நலம், நிலைப்பு, உறுப்பின் இலகுத்தன்மை ஆகியவற்றைப் பொதுப்பயனாகக் கூறி, சில ஆசனங்களுக்கு மட்டும் வயிற்று நோய் முதலியவற்றைக் குறிக்கிறது. நோய்வாரியாக ஆசனம் வகுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. யோகேந்திரர் 1918இல் மும்பையிலும், குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவிலும் நிறுவனங்களைத் தொடங்கினர். பின்னவர் எக்ஸ்ரே முதலிய கருவிகளோடு யோகத்தை ஆராய்ந்து ‘யோக மீமாம்ஸா’ இதழில் வெளியிட்டார். மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரின் ‘யோக மகரந்தம்’ 1934இல் கன்னடத்தில் வந்தது. அவர் மாணவரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமான பி.கே.எஸ். ஐயங்கார் மராத்தி வழங்கும் புனேயிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1966இல் வெளிவந்தது. அதன் பிற்சேர்க்கை மூட்டழற்சி, இடுப்புவலி, சியாட்டிகா என நோய்ப்பெயர்களின்கீழ் ஆசனங்களை நிரல்படுத்துகிறது. ஆங்கிலம் வாதத்தை விலக்கிவிட்ட அப்பட்டியலைத் தமிழாக்கும்போது மூட்டழற்சிக்குக் கீல்வாதம் என எழுதினால், வாதம் மீண்டும் உள்ளே வந்து அமர்ந்துகொள்கிறது.

அண்மைக் கால ஆய்வுகள் இச்சொற்களைக் கூர்மையாகப் பயன்படுத்த வேண்டியதன் தேவையைக் காட்டுகின்றன. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வொன்று, மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் நோயுடைய 42 பேரை எடுத்துக்கொண்டது. எட்டு வாரம் யோகம் பயின்றவர்களுக்குப் பிடிவலிமை கூடிற்று, வலி குறைந்தது. ஆயினும் நரம்பின் கடத்து வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இதனை ‘நரம்பு நோய் குணமாயிற்று’ என்று பெயர்ப்பது தவறு. ‘நரம்பு அழுத்தத்தால் வரும் வலி தணிந்தது’ என்பதே மூலத்திற்கு இயைந்தது. நாட்பட்ட முதுகுவலி பற்றி 2022இல் காக்ரேன் அமைப்பு 21 சோதனைகளைத் தொகுத்து நோக்கியது. உடற்பயிற்சி செய்யாதவர்களை விட யோகம் செய்தவர்களுக்குச் சிறிதளவு நலம் தெரிந்தது. பிற முதுகுப் பயிற்சிகளை விட யோகம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. சிலருக்கு முதுகுவலி கூடியதும் பதிவாகியுள்ளது. ‘தணிதல்’, ‘குறைதல்’, ‘நீங்குதல்’, ‘குணமாதல்’ ஆகிய நான்கையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளும் நம் பெயர்ப்பு வழக்கம் இவ்விடத்தில் பொருந்தாது.

ஒலிபெயர்ப்பும் காப்பாகாது. நாடிகளைத் தூய்மை செய்யும் மூச்சுப்பயிற்சி வடமொழியில் ‘நாடி சோதனம்’. தமிழ் எழுத்தில் அது ‘நாடி சோதனை’ ஆகும்போது மருத்துவர் கைபிடித்துப் பார்க்கும் செயலாகிறது. நரம்பை நாடி என்றே அறிவியல் பாடத்தில் படித்த மலையாளிக்கோ அது நரம்புத் தூய்மையாகத் தோன்றும். ஆதலால் மராத்தி நூலில் ஸ்நாயு வருமிடத்தில் தசை எனவும், வங்க நூலில் வருமிடத்தில் நரம்பு எனவும், ஆயுர்வேத மேற்கோளில் வருமிடத்தில் நார் எனவும் எழுதுவதே முறை. யோக நூலின் நாடியை நாடியாகவே நிறுத்தி, அது நாடித்துடிப்பும் நரம்பும் அன்று என முதல் வருகையிலேயே ஒரு வரி சேர்க்கலாம். வாதம் என்று மூலம் கூறினால் எவ்வாதம் என வினவி, விடை கிடைக்காத இடத்தில் மூலச்சொல்லை அப்படியே விட்டு, பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் காணுமாறு குறிப்பெழுதுவது தகும்.