டீப்பாட் டோம் குத்தகையும் கான்டினென்டல் நிறுவனமும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் ‘டீப்பாட் டோம்’ என்னும் பெயர் அரசியல் ஊழலுக்கு ஒரு மறுபெயராகவே வழங்கி வருகின்றது. அவ்வூழலைக் கூறுவோர் பலரும் ஒரு கருநிறக் கைப்பையையும் அதனுள் இருந்த 1,00,000 டாலரையும் முன்வைத்தே வரலாற்றை நடத்துவர். படிப்போர் உள்ளத்தைக் கவரும் காட்சி அது. ஆயினும் அஃது ஊழலின் கிளையே அன்றி வேர் அன்று. வேரோ, கனடா நாட்டில் பதிவு பெற்று, இரண்டாண்டும் நிரம்ப வாழாது மறைந்த கான்டினென்டல் வணிக நிறுவனத்தில் உள்ளது. அந்நிறுவனத்தின் உரிமையாளர் யாவர், அவர் மறைந்து நின்றது எதன்பொருட்டு, மறைந்தவர் எவ்வாறு வெளிப்பட்டனர் என்னும் மூன்றனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குத்தகையின் வரலாறு

போர்க்கப்பல்கள் நிலக்கரியை விடுத்து எண்ணெயால் இயங்கத் தொடங்கிய காலத்தில், பிற்காலத் தேவையை எண்ணிய அமெரிக்க அரசு, 1912 இல் கலிபோர்னியாவிலுள்ள எல்க் ஹில்சு, பியூனா விசுட்டா என்னும் நிலங்களையும், 1915 இல் வயோமிங்கிலுள்ள டீப்பாட் டோம் நிலத்தையும் கடற்படைக்கென ஒதுக்கியது. 1921 மே 31 இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் ஓர் ஆணையின் வாயிலாக இவற்றின் பொறுப்பைக் கடற்படைத் துறையினின்று உள்நாட்டுத் துறைக்கு மாற்றினார். அத்துறையின் அமைச்சர் நியூ மெக்சிகோவைச் சார்ந்த ஆல்பர்ட் ஃபால் ஆவார்.

1922 ஏப்பிரல் 7 இல் டீப்பாட் டோம், பிறர் எவரும் விலை கூறுதற்கு இடமின்றி, ஹாரி சிங்க்ளேர் என்பாரின் மம்மத் எண்ணெய் நிறுவனத்திற்குக் குத்தகையாக விடப்பட்டது. எல்க் ஹில்சு எட்வர்டு டோகினியின் நிறுவனத்தைச் சேர்ந்தது. அண்டை நிலத்துக் கிணறுகள் அரசின் எண்ணெயை உறிஞ்சிவிடும் என்பது ஃபால் கூறிய காரணம்; நாட்டுப் பாதுகாப்பு என்பது மறைவிற்கு அவர் கூறிய காரணம். முன்னது ஆராயத்தக்கது, நிலத்தடி எண்ணெய் வேலியை அறியாது ஆதலின் அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. பின்னதே ஐயத்திற்கு இடமாயிற்று. நாட்டின் நலங்கருதிச் செய்த ஒப்பந்தமாயின், நாட்டு மக்களின் பேராளர்க்கு அதனை மறைப்பானேன் என்னும் வினா செனட் சபையில் எழுந்தது.

இடைநின்ற நிறுவனம்

குத்தகைக்கு ஏறத்தாழ ஐந்து திங்கள் முன்னதாக, 1921 நவம்பர் 17 இல், நியூயார்க்கில் ஓர் ஒப்பந்தம் நிறைவேறியது. டெக்சாசு மாநிலத்து மெக்சியா எண்ணெய்க் களத்தில் பெரும்பங்கு உடையவராயிருந்த ஹம்ஃப்ரீசு என்பார், 3,33,33,333 பீப்பாய்க்குச் சற்று மிகுதியான எண்ணெயைப் பீப்பாய் ஒன்றுக்கு 1.50 டாலர் விலையில் விற்க இசைந்தார். வாங்கியது கான்டினென்டல் வணிக நிறுவனம். அந்நிறுவனம் அவ்வெண்ணெயை அப்பொழுதே 1.75 டாலர் விலைக்குச் சிங்க்ளேர் கச்சா எண்ணெய்க் கொள்முதல் நிறுவனத்திற்கும் பிரெய்ரி எண்ணெய் நிறுவனத்திற்கும் மறுவிற்பனை செய்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கான்டினென்டலுக்கு எண்ணெய்க் கிணறு இல்லை. தேக்கத் தொட்டியும் இல்லை. கொண்டு செல்லக் குழாயும் இல்லை. அதன் தலைவராகக் காட்சியளித்தவர் டொரான்டோ நகரத்து வழக்கறிஞர் ஆசுலர் ஒருவரே. வாங்கிய எண்ணெயை அது கண்ணாலும் காணவில்லை. அதன் தொழில், ஒரு விலைக்கும் மற்றொரு விலைக்கும் இடையே நின்று கால் டாலரைப் பெறுவது மட்டுமே.

அதன் பின்னே மறைந்து நின்றோர் நால்வர். சிங்க்ளேர் ஒருவர், இந்தியானா சுடாண்டர்டு எண்ணெய் நிறுவனத்தின் தலைமையில் இருந்த இராபர்ட் சுடூவர்ட் ஒருவர், மிட்வெசுட் சுத்திகரிப்பு நிறுவனத்தின் பிளாக்மர் ஒருவர், பிரெய்ரி நிறுவனத்தின் ஓநீல் ஒருவர். வாங்கிய கொள்முதல் நிறுவனத்தில் சரிபாதி சிங்க்ளேரின் நிறுவனத்திற்கும், மறுபாதி இந்தியானா நிறுவனத்திற்கும் உரியது. பிரெய்ரியோ ஓநீலின் ஆட்சிக்கு உட்பட்டது. எனவே 1.50 டாலருக்கு நேரே பெறக்கூடிய எண்ணெய்க்கு, இவர்கள் தத்தம் நிறுவனங்களை 1.75 டாலர் கொடுக்கச் செய்து, மிகுதியைத் தாமே மறைவாகப் பெற்றனர் என்பது போதரும். முதற்கண் ஏமாற்றப்பட்டோர் அவர்களை நம்பிய பங்குதாரரே. அரசை வஞ்சிப்பதற்கு முன்னரே தம் நிறுவனங்களை வஞ்சித்தனர் என்னும் இவ்வுண்மை, கைப்பையை மட்டும் பேசுவோர் கண்ணுக்குப் புலனாவதில்லை.

ஒப்பந்தம் முற்றும் நிறைவேறியிருப்பின் ஊதியம் 80 இலட்சம் டாலரைக் கடந்திருக்கும். விசாரணையின் அரவம் கேட்டவுடன் நிறுவனம் கலைக்கப்பட்டு, அதன் கணக்கேடுகளும் அழிக்கப்பட்டன. அதற்குள் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் திரண்டிருந்தது. அத்தொகை அமெரிக்க அரசின் லிபர்ட்டி கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டு நால்வர்க்கும் பகிரப்பட்டது. வைத்திருப்பவர்க்கே உரியனவாகிய அப்பத்திரங்களில் எவர் பெயரும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருந்தது.

எண்களின் சான்று

1923 அக்டோபரில் மான்டானா மாநிலத்துச் செனட்டர் தாமசு வால்சு விசாரணையைத் தொடங்கினார். பல ஆண்டு வரிப்பாக்கி நின்றிருந்த ஃபாலின் பண்ணை திடீரென வளம் பெற்ற செய்தியை நியூ மெக்சிகோவினர் சான்றாக உரைத்தனர். செய்தித்தாள் உரிமையாளர் மக்லீன் கடன் கொடுத்தார் என்றார் ஃபால்; தாம் கொடுத்த பணம் செலவிடப்படவில்லை என மக்லீன் மறுத்தார். 1924 சனவரி 24 இல் டோகினி, தாம் தம் மகன் வாயிலாக 1,00,000 டாலர் அனுப்பியதை ஒப்புக்கொண்டார். அதனைக் கடன் என்றார். கைப்பையின் கதை இதுவே. ஆயினும் சிங்க்ளேருக்கும் ஃபாலுக்கும் உள்ள தொடர்பை இஃது எட்டுணையும் விளக்கவில்லை.

அரசு அமர்த்திய தனி வழக்கறிஞர்களாகிய இராபர்ட்சும் பாமரினும் கொலராடோ மாநிலத்துப் பியூப்ளோ நகர வங்கியில் ஃபாலின் பொருட்டுச் செலுத்தப்பட்ட பத்திரங்களின் எண்களைப் பெற்றனர். அவ்வெண்களைப் பின்பற்றிச் சென்றபொழுது, அவை ஒரு கனடா வங்கியின் நியூயார்க் கிளை வழியாகக் கான்டினென்டலுக்கு விற்கப்பட்டவை என்பது தெளிவாயிற்று. இவ்வாறு தொடர்பு காட்டப்பட்ட தொகை 2,30,500 டாலர்.

சான்றுரைக்க வேண்டிய மாந்தரோ வாய் திறக்கவில்லை. ஆசுலர் வழக்கறிஞரின் மறைகாப்பு உரிமையைக் காட்டினார். பிளாக்மரும் ஓநீலும் ஐரோப்பாவிற்கு ஏகினர். ஃபாலின் மருமகன் தம்மைக் குற்றத்திற்கு உள்ளாக்கும் விடையைக் கூறக் கடமைப்படேன் என்றார். மாந்தர் அனைவரும் மறைத்ததனை எண்கள் உரைத்தன.

கட்சியும் பத்திரமும்

1928 இல் வால்சு மீண்டும் தொடங்கிய விசாரணை எஞ்சிய பத்திரங்களின் வழியைக் காட்டியது. குடியரசுக் கட்சியின் 1920 ஆம் ஆண்டுத் தேர்தற் கடனைத் தீர்க்கும்பொருட்டு, கட்சியின் தலைவராயிருந்த வில் ஹேய்சிடம் சிங்க்ளேர் 1923 இல் 2,60,000 டாலர்ப் பத்திரங்களை அளித்திருந்தார். ஹேய்சு அவற்றைச் செல்வர் சிலரிடம் அனுப்பி, ஈடாக அவர்தம் பெயரில் நன்கொடை பெற முயன்றார். நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலனுக்கும் 50,000 டாலர்ப் பத்திரம் அனுப்பப்பட்டது. அவர் அதனை ஏற்காது திருப்பி, தம் சொந்தப் பணத்தை நன்கொடையாக அளித்தார். எனினும் அறிந்ததை 1928 வரை வெளியிட்டாரல்லர்.

மெலன் பெயர் வெளிப்பட்டதில் ஒரு சிறு துண்டுத்தாளுக்கும் பங்குண்டு. இறந்துபோன நன்கொடையாளர் ஒருவரின் தாள்களிடையே கிடைத்த அத்துண்டில், கரிக்கோலால் எழுதிய ஒரு சொல் முதலில் ‘கேண்டி’ எனப் படிக்கப்பட்டது; பின்னரே ஆண்ட்ரூ என்பதன் சுருக்கமாகிய ‘ஆண்டி’ என்பது சரியான பாடமெனத் தெளிந்தது. ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாட்டில் பயின்றார்க்கு, ஓரெழுத்தால் பொருள் பிறழ்வது புதிதன்று.

தீர்ப்பும் பயனும்

உச்ச நீதிமன்றம் 1927 இல் இரு குத்தகைகளையும் செல்லாதனவாக்கியது. ஃபால் அப்பத்திரங்களைப் பெற்ற மறைவும், அதற்கு விளக்கம் இன்மையும் தீர்ப்பில் சிறப்பாகக் கருதப்பட்டன. 1929 இல் ஃபால் கையூட்டுப் பெற்றவரெனக் காணப்பட்டு ஓராண்டுச் சிறை பெற்றார்; ஆனால் அதே பணத்தைக் கொடுத்த டோகினி 1930 இல் விடுவிக்கப்பட்டார். பெற்றது கையூட்டு, கொடுத்தது கையூட்டன்று என முரண்பட்ட முடிவு அது. சிங்க்ளேர் சிறை சென்றது ஊழலுக்காக அன்று. செனட் சபையின் வினாக்களுக்கு விடை மறுத்ததற்கும், சான்றாயர்களை வேவு பார்க்க ஆள் வைத்ததற்குமே. சுடூவர்ட்டை 1929 இல் பதவியினின்று நீக்கியது சட்டமன்று. இளைய ராக்பெல்லர் திரட்டிய பங்குதாரரின் வாக்கே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொழில் எதுவும் செய்யாது இடைநிற்கும் நிறுவனமே ஆராய்ச்சிக்கு முதலிடம். எண்ணெய் கிணற்றினின்று ஆலைக்குச் செல்லும் வழியில் எவன் தேவையின்றி நிற்கின்றான் எனக் காணின், ஊதியம் எங்குச் செல்கின்றது என்பது புலனாகும். இரண்டாவது, உரிமையாளன் தன் பெயரை மறைக்கலாம். பணம் சென்ற தடத்தை முற்றும் மறைத்தல் அரிது. மூன்றாவது, அத்தடத்தைக் காணும் அதிகாரம் ஒருவர்க்கு இருந்தாலன்றி அது பயன்படாது. வால்சுக்குச் செனட் சபையின் ஆணையும், இராபர்ட்சுக்கு வங்கிக் கணக்கைக் காணும் உரிமையும் இல்லாதிருந்தால், எண்கள் ஊமையாகவே கிடந்திருக்கும்.

இம்மூன்றாவது உண்மை பழங்கதையன்று. நிறுவனங்களின் மெய்யான உரிமையாளர் பெயரை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என அமெரிக்காவில் 2021 இல் சட்டம் தோன்றியது. 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்கள் அக்கடமையினின்று விலக்கப்பெற்றன. கான்டினென்டல் எழுப்பிய வினா நூறாண்டு கழிந்தும் முடிவுறாது நிற்கின்றது என்க.