டொனால்ட் எண்ணிய சோள வரிசைகள்

இந்த எபிசோடு ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்குது.

என் ஊர் மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணை ஆறு, கூட்டுறவு சர்க்கரை ஆலை, சீசன் வந்தால் ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர். அங்கே இருக்கும் என் பெரியம்மா மகள் ஒருநாள் ராத்திரி கூப்பிட்டாங்க. மூன்று வயதுப் பையனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். "தம்பி, இனிமே நாங்க என்ன பண்ணணும்? நீ தேடிப் பார்த்துச் சொல்லு." கொஞ்ச நேரம் கழிச்சு, மெதுவா இன்னொன்று: "நான் போனைக் கையில கொடுத்ததாலதான் வந்துச்சாம். வீட்ல எல்லாரும் சொல்றாங்க."

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது பழைய வரலாற்றைத் தோண்டுவது மட்டும்தான். அக்காவின் இரண்டு கவலைக்கும் அங்கே பதில் இருந்தது.

1933. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அங்கே பிறந்தவர் டொனால்ட் ட்ரிப்லெட். வட்டமான எதைப் பார்த்தாலும் சுற்றிவிடுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். 1937ல் டாக்டர்கள் பேச்சைக் கேட்டு அப்பா அம்மா அவரை வீட்டை விட்டுத் தூரமா ஒரு காப்பகத்தில் சேர்த்தாங்க. ஆனால் அடுத்த வருஷமே, அந்த நிர்வாகத்துக்கு விருப்பம் இல்லாதபோதும், திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. பால்டிமோரில் இருந்த லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டினாங்க. 1943ல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக விவரித்த முக்கியமான கட்டுரை அது. அதில் முதல் குழந்தை டொனால்ட்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1942ல் டொனால்ட் ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்கினார். எதையாவது அளந்துகிட்டே இருப்பாரா? "சரி, கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல்லு" என்றார் அந்த விவசாயி. சோள வரிசையைத் திரும்பத் திரும்ப எண்ணுவாரா? "உழுதுகிட்டே எண்ணு" என்றார். அவர் பழக்கத்தை யாரும் அடக்கவில்லை. அதுக்கு ஒரு வேலை கொடுத்தாங்க. டொனால்ட் பிறகு காலேஜ் முடித்து, பேங்கில் வேலை பார்த்து, கார் ஓட்டி, 2023ல் 89 வயதில் காலமானார். அம்மா வீட்டுக்காரங்க பேங்க் முதலாளிங்க என்பதையும் சொல்லிடணும். அந்த வசதி எல்லாருக்கும் இல்லை. ஆனால் கேனரே 1971ல் அந்த 11 பேரைத் திரும்பத் தேடியபோது, பெரிய காப்பகங்களில் விடப்பட்டவங்கதான் ரொம்பப் பின்தங்கி இருந்தாங்க.

இப்போ அக்காவின் ரெண்டாவது கவலை. 1950, 60களில் பழி முழுக்க அம்மா மேல விழுந்தது. அன்பில்லாத, ஃப்ரிட்ஜ் மாதிரி ஜில்லென்று இருக்கிற தாயால்தான் ஆட்டிசம் வருது என்று படித்தவங்களே எழுதினாங்க. 1964ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் இதை மறுத்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் ஒரு உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு அப்பாவும்கூட. அடுத்த வருஷமே பெற்றோர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். 1977ல் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தாங்க. ஒரே கருவில் உருவான 11 ஜோடிகளில் நாலு ஜோடியில் இருவருக்கும் ஆட்டிசம். மற்ற 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கு என்பது அங்கிருந்துதான் தெளிவாச்சு. போன் நேரத்தைக் குறைத்தால் பேசவும் விளையாடவும் நேரம் கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் ஆட்டிசம் அக்காவின் தப்பு இல்லை.

நம்ம நாட்டிலும் வழி போட்டது பெற்றோர்தான். 1985ல் சென்னையில், பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் அம்மா பூனம் நடராஜன் இன்றைய வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கினார். 1991ல் டெல்லியில், ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா மெர்ரி பருவா 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கினார். 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்தப் பெயர் வந்தது. 2016 சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

சரி, அக்காவுக்கு நான் என்ன சொன்னேன்?

ஒன்று, "பெரிய பையனானா தானா பேசிடுவான்"னு காத்திருக்க வேண்டாம். காது பரிசோதனை செய்யலைன்னா முதல்ல அது. அரசு மருத்துவமனையில ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்குன்னு கேட்டு, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி ஆரம்பிங்க. வாரத்துல ஒருநாள் அங்கே கத்துக்கிறதை, தினமும் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் வீட்ல செய்யணும்.

ரெண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போய், மருத்துவச் சான்றுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் கொடுங்க. அது இருந்தால் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் சேரலாம். வருஷம் 1 லட்ச ரூபாய் வரை, தெரபி செலவும் சேர்த்து.

மூன்று, பள்ளிக்கூடம். இப்போதைக்கு அங்கன்வாடி. அப்புறம் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பாருங்க. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவன் சட்ட உரிமை.

நான்கு, "முழுசா குணப்படுத்துறேன்"னு காசு கேட்கிறவங்க கிட்ட போகாதீங்க. அப்படி ஒரு மருந்து கிடையாது.

ஐந்து, நீங்க தூங்குங்க அக்கா. ராத்திரியில பாதி நேரம் மாமா பார்த்துக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பையனுக்குக் கரும்பு டிராக்டர் சக்கரம்னா உயிர். முன்னாடியெல்லாம் வாசலுக்கு விட மாட்டாங்க. இப்போ டிராக்டர் வந்தா அக்காவே தூக்கிக்கிட்டு வெளியே வர்றாங்க. "சக்கரம்" என்று சொல்லிவிட்டு, பயிற்சியில சொல்லிக் கொடுத்தபடி அஞ்சு எண்ணும் வரை அவன் முகத்தையே பார்த்துக் காத்திருக்காங்க. அவன் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லலை. ஆனால் டிராக்டர் போனதும் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான்.

அக்கா மாமியார் இன்னமும் போனைத்தான் குறை சொல்றாங்க. அவங்களுக்காகவும்தான் இந்த எபிசோடு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இதைப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.