முதல்ல பின்னாடி, கடைசியா முன்னாடி: பனியில் ஒரு பூட்டின் கதை

லாக்கர்னதும் பேங்க்ல நகை வைக்கிற சமாச்சாரம்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும் :-) இது ஜீப், லேண்ட் குரூஸர் மாதிரி வண்டிகளோட ஆக்சிலுக்குள்ள இருக்கிற பூட்டு. பனியில வண்டி ஓட்டறவங்க நடுவுல தீராத பஞ்சாயத்து ஒண்ணு உண்டு. இந்தப் பூட்டை முன் ஆக்சில்ல போடறதா, பின் ஆக்சில்ல போடறதா, இல்ல ரெண்டுலயுமா? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினா பதில் கிடைக்குது.

வண்டி வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தை விட அதிக தூரம் ஓடணும். ரெண்டையும் ஒரே தண்டுல இறுக்கிட்டா, ஏதாவது ஒரு டயர் தரையில தேய்ஞ்சுகிட்டே தான் வரும். இதுக்குத் தீர்வா, பிரான்ஸ் நாட்டு கடிகாரக்காரர் ஒனெசிஃபோர் பெக்கர், 1827-28 வாக்கில் நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நம்ம கார்கள்ல இருக்கிற டிஃபரன்ஷியலுக்கு அதுதான் தாத்தா.

தாத்தா ரொம்ப நியாயஸ்தர். ரெண்டு சக்கரத்துக்கும் சமமான முறுக்குவிசை தான் தருவார். அங்கதான் சிக்கலே. ஒரு சக்கரம் ஐஸ் மேல நிக்குதுன்னு வைங்க. அதைச் சுத்த ரொம்பக் கொஞ்சம் விசை போதும். கெட்டித் தரையில நிக்கிற சக்கரத்துக்கும் அதே கொஞ்சம் தான் போகும். ஒண்ணு அசையாம நிக்க, இன்னொண்ணு ரெண்டு மடங்கு வேகத்துல சும்மா சுத்தும். நாலு சக்கர டிரைவ் இருந்தாலும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வழுக்கினா ஆட்டம் குளோஸ். தாத்தா செஞ்ச வேலையைத் தேவைப்படும்போது ரத்து பண்றதுதான் லாக்கர்.

இதுல ரெண்டு கட்சி உருவாச்சு. 1940களோட ஆரம்பத்துல அமெரிக்காவில் வந்தது தார்ன்டன் 'நோஸ்பின்'. பின்னாளில் டெட்ராய்ட் லாக்கர்னு பேர் வாங்கினது இதுதான். டிரைவர் எதையும் தொட வேண்டாம். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்தும். வளைவுல வெளிச்சக்கரம் வேகமா ஓடினா அதைத் தானே விட்டுடும்.

இன்னொரு கட்சி ஐரோப்பாவில். போருக்குப் பிறகு ஜெர்மனியில் ஆல்பர்ட் ஃபிரீட்ரிஷ் உருவாக்கின யூனிமாக், 1948ல் உற்பத்திக்கு வந்தது. வெறும் 25 குதிரைத்திறன். ரெண்டு வரிசை உருளைக்கிழங்குச் செடிக்கு ஏத்த மாதிரி சக்கர இடைவெளி வச்ச பக்கா விவசாய வண்டி. ஆனா ரெண்டு ஆக்சிலுக்கும் பூட்டு உண்டு. 1959ல் ஆஸ்திரியாவில் வந்த குட்டி வண்டி ஹாஃப்லிங்கர்லயும் அப்படித்தான். லீவரை டிரைவர் தான் இழுக்கணும், டிரைவர் தான் விடணும்.

உழவு நிலத்துலயும் பாறையிலயும் ரெண்டு கட்சியும் ஜெயிக்கும். ஐஸ்ல தான் வித்தியாசம் தெரியும். தானியங்கி லாக்கர் விடணும்னா, வெளிச்சக்கரத்தைத் தரை பிடிச்சு வேகமா ஓட வைக்கணும். ஐஸ்ல அந்தப் பிடி ஏது? பூட்டு விடாமலே வண்டியோட வால் பக்கவாட்டுல போயிடும். சாதா டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் சுத்தினாலும், சுத்தாத இன்னொண்ணு வண்டி பக்கவாட்டுல சறுக்காம பிடிச்சு வைக்கும். பூட்டினா ரெண்டும் சேர்ந்து சுத்தி, அந்தப் பிடியும் போச்சு. சரிவான மலைப்பாதையில கீழ்ப்பக்கம் பள்ளம்னா இது உயிர்ப் பிரச்சனைங்க.

முன்னாடி பூட்டினா கதை வேற. ரெண்டு முன்சக்கரமும் ஒரே வேகத்துல தான் ஓடும்ங்கறதால, ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் வண்டி நேராவே போகப் பார்க்கும்.

பின்னாடி வந்த வண்டிகளோட டேஷ்போர்டைப் பாருங்க, வேடிக்கை புரியும். 1990ல் வந்த லேண்ட் குரூஸர் 80 சீரிஸ்ல, லாக்கர் வச்ச வண்டிகள்ல ஒரு திருகு இருக்கும். முதல் திருகல்ல பின் பூட்டு, அடுத்த திருகல்ல தான் முன் பூட்டு. அதே சமயத்துல வந்த மெர்சிடிஸ் ஜி வண்டியில 1, 2, 3ன்னு மூணு பட்டன். நடு, பின், முன். வரிசையை மாத்த முடியாது. 2003ல் வந்த ஜீப் ரூபிகானிலும் பின்னாடி பூட்டின பிறகுதான் முன்னாடி. மூணு நாட்டு இன்ஜினியர்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. முன் பூட்டு கடைசி ஆயுதம்.

அதனால பனிக்கு வண்டி தயார் பண்றவங்களுக்கு என் கணக்கு இது:

1. ஒரே ஒரு லாக்கருக்குத் தான் காசுன்னா பின்னாடி. ஏத்தத்துல எடை பின்னாடி தான் சாயும், ஸ்டியரிங்கும் தப்பிக்கும்.

2. காத்தோ கரண்ட்டோ கேபிளோ, நாம போட்டு நாமே எடுக்கிற ரகமா இருக்கணும். முன் ஆக்சில்ல இது கட்டாயம்.

3. ஆழமான பனியில நேரா ஏறும்போது ரெண்டும் போடலாம். வளைவு, பக்கச்சரிவு, இறக்கம் வந்தா முதல்ல முன் பூட்டை எடுக்கணும்.

4. லாக்கர் பிடியை உண்டாக்காது. இருக்கிற பிடியைப் பயன்படுத்தும், அவ்வளவுதான். ஐஸ்லாந்துக்காரங்க பனிப்பாறை மேல போகும்போது பெரிய டயர்ல காத்தை 2, 3 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கிடுவாங்க. வழுக்கு ஐஸுன்னா சங்கிலியோ ஆணி டயரோ வேணும். பூட்டு அதுக்கப்புறம்.

நம்ம நாட்டு ஃபோர்ஸ் குர்க்காவிலும் ரெண்டு ஆக்சிலுக்கும் பூட்டு வருது. இமாச்சல் பக்கம் குளிர்காலத்துல அதை ஓட்டிக்கிட்டுப் போறவங்க, பூட்டை எப்ப போடணும்னு தெரிஞ்சுக்கறதை விட எப்ப எடுக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்புங்க.

வர்ட்டா?