கட்டுமரமும் பிளைவுட் படகும்: ஒரு பழுதுக் கதை

இங்கே நம் பிள்ளைகளிடம் 'கேட்டமரன்' என்றால், இரண்டு உடல்களைச் சேர்த்த சொகுசுப் படகைக் காட்டுவார்கள். சொல் நம்முடையது, கட்டுமரம். பொருள்தான் மாறிவிட்டது. ஊர்க் கரையில் இன்னொன்றும் மாறியது: படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் விதம்.

திருவனந்தபுரத்தின் வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளிலும் தெற்கே கன்னியாகுமரிக் கரையிலும் தொழில் ஒன்றுதான். 1956-ல் மாநில எல்லை குறுக்கே விழுந்தது. கடலுக்கு அது தெரியாது. இரு பக்கமும் கட்டுமரம் ஓடியது.

மென்மரக் கட்டைகளைக் கயிற்றால் கட்டினால் மரம் தயார். கட்டைகள் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மணலில் காயவைப்பார்கள். மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். பராமரிப்புக்கு யார்டு வேண்டாம், பில்லும் கிடையாது. வெயிலும் கையும் போதும்.

பிறகு அந்தப் பருத்த மரங்கள் அரிதாகி, விலை ஏறியது. பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பிளைவுட் படகுகளை உருவாக்கினார். அந்த அனுபவத்தை 1985-ல் ஒரு நூலாகவும் எழுதினார். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு யார்டுகள் நடத்தி அவற்றைப் பரப்பியது. வெளியே மாட்டும் எஞ்சினும் சேர்ந்ததால் தூரமாகப் போக முடிந்தது.

ஆனால் பிளைவுட்டை அவிழ்க்க முடியாது. ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் பிரியும். படகைக் கரையேற்றி, கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, நன்றாகக் காயவைத்து, ஃபைபர் துணியும் ரெசினும் ஒட்ட வேண்டும். ஈரம் இருந்தால் ஒட்டாது. அத்தனை நாளும் வருமானம் இல்லை, ரெசினுக்குக் கடன் வேறு. முன்பு வெயில் இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது காசு.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். திருவனந்தபுரம் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி, செங்கன்னூர் போன்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். தெருவெல்லாம் ஆறாக ஓட, மதிலிலும் மரத்திலும் மோதிப் பல படகுகள் உடைந்தன. பழுதுச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே கிளம்பிப் போனவர்கள் பலர். படகு உடைந்தால் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனார்கள்.

அடுத்த முறை பிள்ளைகள் கேட்டமரன் என்றால், இந்தக் கதையையும் சொல்லுங்கள்.