பொருந்தல் நெல்லும் பழனிமலைப் பகுதியின் தொடக்கக்கால வேளாண்மையும்

ஆய்வுச்சுருக்கம்

பழனிமலை அடிவாரத்திலுள்ள பொருந்தலில் கிடைத்த நெல், தமிழ் பிராமி எழுத்தின் காலத்தை வரையறுக்கும் சான்றாகவே பெரிதும் விவாதிக்கப்பட்டுள்ளது. அந்நெல்லை வேளாண் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது எவற்றை நிறுவ இயலும், எவற்றை நிறுவ இயலாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொருந்தல், பழனிமலை, தொல்தாவரவியல், நெல், சிறுதானியம்

முன்னுரை

பழனிமலையின் கல்திட்டைகளை ஆங்க்லாடு, நியூட்டன் ஆகிய இரு இயேசு சபைத் துறவியர் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னர் கா. ராஜன் மலைமீதுள்ள தாண்டிக்குடியிலும் அடிவாரத்திலுள்ள பொருந்தலிலும் அகழாய்வு மேற்கொண்டார். ஈமச்சின்னங்கள் குறித்து இவ்வாய்வுகள் விரிவான செய்திகளைத் தந்துள்ளன. அவற்றை எழுப்பிய மக்கள் எதை விளைவித்து உண்டனர் என்னும் வினா அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை.

பொருந்தல் சான்று

பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் பொருந்தல் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகம் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றிலிருந்த நான்கு கால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதே ஈமச்சின்னத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்தது. நெல்லின் காலம் முடுக்கி நிறைமாலை முறையில் கி.மு. 490 எனவும், மற்றொரு மாதிரியின் காலம் கி.மு. 450 எனவும் கணிக்கப்பட்டன. எழுத்தின் தொன்மையே அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. நெல் அதற்குரிய காலங்காட்டியாக நின்றுவிட்டது.

காலக்கணிப்பும் அதன் எல்லையும்

நெல் ஓராண்டுப் பயிர். எனவே நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் கரியைவிட, அது புதைக்கப்பட்ட காலத்தை நெருக்கமாகக் காட்டும். ஆயினும், கி.மு. 800 முதல் 400 வரையிலான காலப்பகுதியில் கரிமக் காலக்கணிப்பின் திருத்த வளைவு ஏறத்தாழத் தட்டையாக அமைந்துள்ளது. ஆகவே இக்காலத்து மாதிரிகளுக்குத் தரப்படும் ஒற்றை ஆண்டினை, நீண்டதொரு கால எல்லைக்குள் அடங்கும் ஒரு புள்ளியாகவே கொள்ளுதல் வேண்டும்.

ஈமநெல்லும் விளைநெல்லும்

ஈமச்சின்னத்தில் வைக்கப்பட்ட தானியம் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது. நெல் மதிப்பிற்குரிய படையற்பொருளாக இருந்தது என்பதை அது காட்டுகிறது; நெல்லே அன்றாட உணவு என்பதையோ, அது அங்கேயே விளைந்தது என்பதையோ காட்டுவதில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் நெல் உமியோடு சிறுதானிய உமியும் கிடைத்ததாக அலெக்சாண்டர் ரீ பதிவுசெய்துள்ளமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்னும் காலம் 2021இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் ஈமச்சூழலில் கிடைத்த நெல்லேயாகும்.

தென்னிந்தியாவில் தானிய வேளாண்மை நெல்லிலிருந்து தொடங்கவில்லை. கருநாடகத்தின் சங்கனகல்லு, ஹள்ளூர் போன்ற புதிய கற்கால ஊர்களில் டோரியன் புல்லர் முதலியோர் மேற்கொண்ட ஆய்வுகள், கன்னடத்தில் கொரலே எனப்படும் சிறுதானியம், கொள்ளு, பாசிப்பயறு ஆகியவையே அங்கு முதன்மைப் பயிர்களாக இருந்தமையை உணர்த்துகின்றன. இப்பகுதிக்கு நெல் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. மலையில் புன்செய்த் தானியமும் அடிவார ஆற்றுப்படுகையில் நெல்லும் ஒரே காலத்தில் விளைந்திருக்கக்கூடும். குறிஞ்சிக்குத் தினையும் மருதத்திற்கு நெல்லும் உரியவை எனும் இலக்கிய மரபு இக்கருதுகோளுக்கு இசைந்தது. எனினும் இலக்கிய மரபு அகழாய்வுச் சான்றுக்கு ஈடாகாது.

மேலும், சாடி நிறைந்த நெல் கண்ணுக்குத் தப்பாது. ஓரிரு மில்லிமீட்டர் அளவுடைய கரிந்த தினையும் சாமையும் மண்ணோடு வீசப்பட்டுவிடும். ஆகவே சிறுதானியம் கிடைக்கவில்லை என்பது, அது முறையாகத் தேடப்படாததன் விளைவாகவும் இருக்கலாம்.

முடிவுரை

பொருந்தல் நெல், கி.மு. முதல் ஆயிரமாண்டின் இடைப்பகுதியில் பழனிமலை அடிவார மக்கள் நெல்லை அறிந்திருந்தனர் என்பதை உறுதிப்படுத்துகிறது. அவர்களது வேளாண்மையின் தோற்றத்தை அது மட்டும் விளக்காது. அதற்கு வாழ்விடப் பகுதிகளின் அடுப்பு, குப்பைக்குழி, தளம் ஆகியவற்றின் மண்ணை மிதப்பு முறையில் அலசி, நுண்சல்லடையால் விதைகளைப் பிரித்தல் வேண்டும். உடன் கிடைக்கும் களைவிதைகளைக் கொண்டு நெல் நன்செய்யில் விளைந்ததா, புன்செய்யில் விளைந்ததா என அறியலாம். மலையிலும் அடிவாரத்திலும் ஒரே முறையில் மண் மாதிரிகள் எடுக்கப்படும்போதே இவ்விரு நிலங்களுக்கிடையிலான உறவு தெளிவுபெறும்.