ஒரு சென்டிமீட்டரில் ஓர் உயிர்

குறைமாதக் குழவியின் மூச்சுக்குழல் 4 சென்டிமீட்டர் நீளங்கூட இராது. அதனுள் வைக்கும் சுவாசக் குழாய் சற்றே ஆழ்ந்தால் காற்று வலது நுரையீரலுக்கே செல்லும். இடது நுரையீரல் சுருங்கும். மேலே நின்றாலோ குழாய் கழன்றுவிடும். ஆகவே 1979-இல் டோக்கன் என்னும் மருத்துவர் எளிய கணக்கொன்று வகுத்தார்: கிலோ எடையுடன் 6 கூட்டுக, உதட்டிலிருந்து அத்தனை சென்டிமீட்டர் ஆழம். மிகச் சிறிய குழவிகளுக்கு இதுவும் மிகை என்பது பின்னர்த் தெரிந்தது.

இதற்கு முன்பே, 1971-இல், சான்பிரான்சிஸ்கோவில் கிரெகரி குழுவினர், தானே மூச்சுவிடும் குழவிக்கு இடையறாக் காற்றழுத்தம் தந்து நுரையீரல் சுருங்காமல் காத்தனர். பின்னர் அவ்வழுத்தத்தை மூக்கு வழியே தந்து, பல குழவிகளுக்குக் குழாயையே தவிர்க்கலாயினர். அவ்வழியில் பெங்களூரின் கோயோ லேப்ஸ் நிறுவனம் ஆக்கிய ‘ஸான்ஸ்’ கருவியை, மின்சாரமில்லா வழிப்பயணத்திலும் கையால் இயக்கலாம். ஆயினும், குழாய் இன்றியமையாத குழவிக்கு அந்த அரைச் சென்டிமீட்டர்க் கவனமே உயிர்.