விதிநூல் வடித்த கைத்துப்பாக்கி

இலக்குக் கைத்துப்பாக்கியின் வரலாற்றை ஆயுதப் பட்டறையில் மட்டும் தேடினால் போதாது; விதிநூலிலும் தேட வேண்டும். ஒலிம்பிக் விரைவுச் சுடுதலின் கடுமையான கட்டத்தில், 25 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளையும் 4 விநாடிக்குள் சுட்டாக வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் குழல்முனை மேலெழுந்தால் காலம் கைநழுவும். 1950களின் நடுவில் சோவியத் வடிவமைப்பாளர்கள் எம்டிஎஸ்-3 துப்பாக்கியையே தலைகீழாக்கி, குழலைக் கைக்கு நேராகத் தாழ்த்தினர்; உதைப்பு மணிக்கட்டைத் தூக்காமல் நேரே கைக்குள் இறங்கியது. அதை ஏமாற்று என்பதைவிட நுண்ணறிவு என்பதே பொருந்தும். பன்னாட்டுச் சங்கமோ அதைத் தடைசெய்தது. இன்று குழலின் மைய அச்சு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டுக்கு மேலாகவே செல்ல வேண்டும். துப்பாக்கி 300×150×50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். வீரர் தம் உள்ளங்கைக்கேற்பப் பிடியைச் செதுக்கிக்கொள்ளலாம். ஆனால் அது மணிக்கட்டைத் தாங்கக்கூடாது.